பற்றுச்சீட்டில் எழுதப்படாத சேதாரம்

சென்ற வருட இறுதி விடுமுறையில், எங்கள் தாத்தாவின் கலியாணத்துக்கு நகை பார்ப்பதற்காக உம்மா, சாச்சி, தாத்தா, நான் ஆகிய நால்வரும் செட்டியார் தெருவுக்குப் போனோம். வெள்ளவத்தையில் நகைக்கடைகள் இல்லாமலில்லை. காலி வீதியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே சில கடைகள் இருக்கின்றன. ஆனாலும் கலியாண நகை என்றால் செட்டியார் தெருதான் என்பது சாச்சியின் கட்சி. அவர் கொட்டாஞ்சேனையில் வசிப்பவர். அந்தத் தெருவின் விலையும் பேரமும் அவருக்கு மனப்பாடம்.

ஒரு மாலை பிடித்துப்போயிற்று. கடைக்காரர் ஒரு துண்டுக் கடதாசியில் கணக்கெழுதினார். தங்கத்தின் நிறை, அன்றைய விலை, செய்கூலி, கடைசியில் சேதாரம். சேதாரத்தில் வந்ததும் சாச்சி பிடித்துக்கொண்டார்.

"நாங்கள் கொண்டு போகாத தங்கத்துக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேணும்?"

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். தங்கத்தை உருக்கும்போதும் அராவும்போதும் மெருகேற்றும்போதும் கொஞ்சம் தூசாகப் போகிறது. அந்தத் தூசையும் பட்டறையில் வீசிவிடுவதில்லை. தரையைக் கூட்டிய குப்பையைக்கூடச் சேர்த்து வைத்து, எரித்து, கழுவித் தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். அப்படியும் சிறிதளவு போய்விடுகிறது. அந்த இழப்புத்தான் சேதாரம்.

அரை மணி நேரப் பேரத்துக்குப் பிறகு, "பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லி இறங்கிவிட்டோம். ஆனால் அந்தச் சொல் என்னோடு பஸ்ஸில் ஏறி வீடு வரைக்கும் வந்தது. கடைக்கு வந்த பிறகு தங்கத்தில் ஏற்படும் சேதாரத்தைக் கிராமில் நிறுத்துக் கணக்கெழுதுகிறார்கள். கடைக்கு வருவதற்கு முன்பு, தங்கத்தால் ஏற்பட்ட சேதாரத்தை யார் நிறுத்தார்கள்? யாருடைய கணக்கில் எழுதினார்கள்?

நமது நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான தங்கச் சுரங்கம் எதுவும் இல்லை. அதனால் தங்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நமக்குள் எழுவதேயில்லை. தங்கம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டின் மேல் இருப்பது, அவ்வளவுதான். சுரங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 'கே.ஜி.எப்' திரைப்படம். அந்தப் படத்தின் கதை கற்பனை. அந்த இடமோ உண்மையானது. அந்த உண்மைக் கதையில் நம்மைப்போலத் தமிழ் பேசும் மக்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள்.

இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜோன் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பனி அங்கே பெரிய அளவில் சுரங்க வேலையை ஆரம்பித்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்த ஏழை மக்கள். அவர்களிலும் பலர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்களிலிருந்து மக்கள் நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே காலம் அது. சிலருக்குத் தேயிலை மலை விதிக்கப்பட்டது. சிலருக்குத் தங்கக் குழி.

குழி என்றால் சாதாரணக் குழியல்ல. கோலாரின் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையே சுடும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறி உயிர்கள் போகும். பாறைத் தூசை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களின் நுரையீரல் சிலிக்கோசிஸ் நோயால் இறுகிப்போகும். அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுப்பதற்காக 1902இல் காவிரி ஆற்றின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்நிலையம் அமைக்கப்பட்டது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று வருடங்கள் கழித்துத்தான். மனிதருக்கு முன்னே தங்கத்துக்கு வெளிச்சம் கிடைத்தது.

சுமார் 120 வருடங்களில் கோலார் உலகத்துக்குக் கொடுத்த தங்கம் ஏறத்தாழ 800 தொன். 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி, இனி இலாபமில்லை என்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் போய்விட்டது. ஊருக்கு மிஞ்சியது என்ன?

மலைகள். பாறையை மாவாக அரைத்து, தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மணலின் மலைகள். அங்குள்ளவர்கள் அவற்றைச் 'சயனைட் மலை' என்றே அழைக்கிறார்கள். 13 குவியல்களாகக் கிடக்கும் அந்தக் கழிவின் அளவு 3 கோடியே 30 இலட்சம் தொன். அதன்மேல் பயிர் பச்சை சரியாக முளைப்பதில்லை. காற்றடித்தால் தூசு வீடுகளுக்குள் வருகிறது. மழை பெய்தால் கரைந்து கீழே ஓடுகிறது. சுரங்கம் மூடி இரண்டு தசாப்தங்கள் கடந்த பின்னரும் அந்த மலைகள் அங்கேதான் நிற்கின்றன. அவற்றை மீண்டும் அரைத்து, எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 3 கோடியே 30 இலட்சம் தொன் கழிவை 800 தொன் தங்கத்தால் வகுத்தால், ஒரு கிராம் தங்கத்துக்கு 41 கிலோவுக்குச் சற்று அதிகமான கழிவு வருகிறது. நாம் நகை வாங்கும் பவுண் 8 கிராம். ஆகவே ஒரு பவுணுக்கு 330 கிலோ. எங்கள் தாத்தாவுக்கு எடுக்க நினைத்திருந்தது 15 பவுண். அப்படியானால் ஏறத்தாழ 5 தொன் கழிவு மணல். எங்கள் வீட்டு முன் விறாந்தையில் கொட்டினால் கதவைத் திறக்க முடியாது.

ஆனால் கோலார் ஒரு வளமான சுரங்கம். அதன் ஆரம்ப காலப் பாறையில் தங்கம் தாராளமாக இருந்தது. இன்று உலகில் அத்தகைய பாறை அரிதாகிவிட்டது. ஒரு தொன் பாறையில் ஒன்றிரண்டு கிராம் தங்கம் இருந்தாலே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டுகிறார்கள். ஒரு தொன்னுக்கு இரண்டு கிராம் என்று வைத்துக்கொண்டாலும், 15 பவுணுக்கு 60 தொன் பாறையை அரைக்க வேண்டும். பத்துத் தொன் ஏற்றும் டிப்பர் வண்டியில் ஆறு தடவை. அந்தப் பாறையை அடைவதற்காக வெட்டி அகற்றும் மண்ணும் மரமும் இந்தக் கணக்கில் சேராது.

இரசாயனவியல் படிக்கும் மாணவியருக்கு இதன் அடுத்த கட்டம் எளிதில் விளங்கும். தங்கம் இலகுவில் எதனோடும் தாக்கம் புரியாத உலோகம். நாம் அதை விரும்புவதற்கே அந்தக் குணம்தான் காரணம். ஆனால் பாறைத் தூளிலிருந்து அதைப் பிரிக்கும்போது அந்தக் குணமே பிரச்சினையாகிறது. ஐதான சோடியம் சயனைட்டுக் கரைசலில், ஒட்சிசன் இருக்கும்போது தங்கம் கரையும். 1887இல் கண்டறியப்பட்ட இந்த முறைதான் இன்றும் பெருஞ்சுரங்கங்களின் பிரதான முறை. சயனைட்டு ஒரு கொடிய நஞ்சு. அது மட்டுமல்ல. நிலத்துக்கு அடியில் காற்றுப்படாமல் கிடந்த சல்பைட்டுக் கனியங்கள் வெளியே வந்து, காற்றோடும் நீரோடும் சேரும்போது அமிலமாகின்றன. அந்த அமிலநீர் பாறையிலுள்ள ஆசனிக்கு, ஈயம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகிறது. சுரங்கம் மூடப்பட்டாலும் இந்தத் தாக்கம் நிற்பதில்லை.

2000ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, ருமேனியாவின் பாயா மாரே என்ற இடத்தில் தங்கக் கழிவைத் தேக்கி வைத்திருந்த அணைக்கட்டு உடைந்தது. சயனைட்டு கலந்த ஒரு இலட்சம் கன மீற்றர் நீர் ஆற்றில் பாய்ந்தது. ஹங்கேரியின் திசா ஆற்றையும், அதைத் தாண்டி டானியூப் நதியையும் அந்த நஞ்சு அடைந்தது. ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. அந்த நாட்டு மீனவர்கள் அந்தச் சுரங்கத்தின் தங்கத்தில் ஒரு குன்றிமணியளவும் அணிந்தவர்களல்லர்.

பெரிய கம்பனிகள் மட்டும்தான் குற்றவாளிகள் என்றும் சொல்லிவிட முடியாது. ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, ஆசியா எங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏழை மக்கள் கையாலும் சிறு கருவிகளாலும் தங்கம் தோண்டிப் பிழைக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது இரசம். இரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கட்டியைச் சூடாக்கினால் இரசம் ஆவியாகிப் பறக்கும், தங்கம் மிஞ்சும். பறந்த இரசம் சுவாசத்திலும் ஆற்றிலும் மீனிலும் சேர்ந்து, கடைசியில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வரை போகிறது. இன்று மனிதர்களால் காற்றில் கலக்கும் இரசத்தின் மிகப் பெரிய மூலம் இந்தச் சிறு தங்கத் தொழில்தான். இரச நஞ்சால் பேரழிவைக் கண்ட ஜப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரில் 2013இல் ஓர் உலக உடன்படிக்கை செய்யப்பட்டு, 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் அங்கத்துவ நாடு. கானா நாட்டின் பிரா ஆறு, சட்டவிரோதத் தங்கத் தோண்டலால் செம்மண் குழம்பாக ஓடுகிறது. அந்தத் தங்கமும் இந்தத் தங்கமும் உருக்கிச் சேர்க்கப்பட்ட பின், எது எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் சூழலுக்குத் தீங்கில்லாத தங்கச் சுரங்கம் சாத்தியமேயில்லையா? பாயா மாரே விபத்துக்குப் பின் சயனைட்டைக் கையாள்வதற்கான சர்வதேச விதிக்கோவை உருவானது. நல்ல அணைகளைக் கட்டலாம், சயனைட்டை அழித்த பின் கழிவைக் கொட்டலாம், மரம் நடலாம். இவை அனைத்தும் சேதத்தைக் குறைக்கும். இல்லாமற் செய்யாது. தோண்டியது தீர்ந்துபோகும், கொட்டியது தீராது. இதில் நமது நாட்டில் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்ட அனுமதி கேட்பவர், குழியை மூடுவதற்கான பொறுப்புப் பணத்தைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூடினால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்தச் சட்டத்தையும் மீறி, மூடாத குழிகள் நுளம்பு பெருகும் குளங்களாகக் கிடப்பதுண்டு. என்றாலும் 'தோண்டியவரே மூட வேண்டும்' என்ற விதியாவது எழுத்தில் இருக்கிறது. கோலாரில் மலைகளைக் குவித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டார்கள். மூடும் பொறுப்பு யாரிடமும் இல்லை. தூசு மட்டும் தொழிலாளியின் பேரப்பிள்ளைக்கு மிஞ்சியிருக்கிறது.

இதையெல்லாம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உம்மா மட்டும் ஒன்று கேட்டார்.

"2022இல வாப்பாட கடை பூட்டிக் கிடந்தப்ப நாங்க எப்படிச் சாப்பிட்டோம் எண்டு உங்களுக்கு ஞாபகமா மகள்?"

ஞாபகம் இருக்கிறது. உம்மாவின் இரண்டு காப்புகளும் வங்கியில் அடகுக்குப் போயின. எங்கள் பாடசாலைச் செலவும் உம்மும்மாவின் மருந்தும் அந்தக் காப்புகளிலிருந்தே வந்தன. ஒன்றைப் பிறகு மீட்டோம். மற்றது போய்விட்டது. அந்த வருடம் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். காணியும் கடையும் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கும் ஒரு சமூகத்தில், ஒரு பெண் யாரையும் கேட்காமல் கழற்றிக் கொடுக்கக்கூடிய சொத்துத் தங்கம் மாத்திரமே. ஆகவே 'தங்கம் வேண்டாம்' என்று மேடையில் முழங்குவது இலகு. அதை உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வது இலகுவல்ல. சுரங்கங்களை மூடிவிடு என்பதும் அப்படித்தான். கோலார் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். இன்றும் அந்த ஊர் மக்கள் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி தேடிப் போகிறார்கள்.

நான் சொல்ல வருவது வேறு. உம்மாவுக்கு அன்று கைகொடுத்தது தங்கம். ஆனால் அது *புதிய* தங்கமாக இருக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. அந்தக் காப்புகள் உம்மும்மாவுக்கு அவருடைய உம்மா போட்டவை. அறுபது வருடப் பழைய தங்கத்துக்கும் நேற்றுத் தோண்டிய தங்கத்துக்கும் வங்கியின் தராசு ஒரே மதிப்பைத்தான் கொடுத்தது.

தங்கம் துருப்பிடிப்பதில்லை, தீர்ந்துபோவதுமில்லை. மனிதர் இதுவரை தோண்டியெடுத்த தங்கம் 2 இலட்சம் தொன்னுக்கு மேல். அதை ஒன்றாக உருக்கினால், ஒவ்வொரு பக்கமும் 22 மீற்றர் கொண்ட ஒரு கனவுருவாகும்; ஏழு மாடி உயரம். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 1950க்குப் பின்னர் தோண்டப்பட்டது. அதாவது நமது மூத்தம்மாமார் காலத்திலிருந்து நமது காலத்துக்குள். அது முழுவதும் ஏறக்குறைய எங்கோ ஒரு பெட்டகத்திலோ கழுத்திலோ அலுமாரியிலோ இன்னும் இருக்கிறது. அப்படியிருந்தும் வருடந்தோறும் சுமார் 3,600 தொன் புதிதாகத் தோண்டுகிறோம். சந்தைக்கு வரும் தங்கத்தில் ஏறத்தாழ கால்வாசி மாத்திரமே பழையதை உருக்கிக் கிடைப்பது.

நமது மேசை லாச்சிகளிலும் தங்கம் கிடக்கிறது. பழுதான கையடக்கத் தொலைபேசிகளில் மிகச் சிறிய அளவில் தங்கம் உண்டு. ஜப்பான் மக்கள் 2017 முதல் 2019 வரை தங்கள் பழைய தொலைபேசிகளையும் சிறிய மின்சாதனங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றிலிருந்து 32 கிலோ தங்கம் கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்கு அதுவே பயன்பட்டது. நமது பவுண் கணக்கில் அது 4,000 பவுண்! ஆனால் இதை வீட்டில் செய்யக்கூடாது. வயரை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் பிரிப்பது இன்னொரு கோலாரை முற்றத்தில் உண்டாக்குவதாகும். முறையாகச் சேகரிக்கும் இடங்களில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தோழி என்னிடம் கேட்டாள், "உங்கட வீட்டில பழைய நகையை உருக்கினா எந்தச் சுரங்கம் மூடப்படப்போகுது?" எந்தச் சுரங்கமும் மூடப்படாது. ஆனால் உலகில் நகைக்காக வாங்கப்படும் தங்கத்தில் பாதிக்கு மேல் வாங்குவது இந்தியாவும் சீனாவும்தான். அதாவது நம்மைப் போன்ற வீடுகள். நம்மைப் போன்ற கலியாணங்கள். கேள்வி குறையாமல் தோண்டல் குறையாது. கேள்வியைக் கூட்டுவது என்னவென்று பார்த்தால், பெண்ணின் ஆசையும் அல்ல, அவளது பாதுகாப்பும் அல்ல. 'எத்தனை பவுண் போட்டார்கள்?' என்ற அந்த ஒரு வசனம்.

மஹர் கொடுக்க வேண்டியவர் மணமகன். ஆனால் நிறை விசாரிக்கப்படுவதோ பெண் வீட்டாரிடம். மஹர் கொடுக்க எதுவுமில்லாத ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் ஓர் இரும்பு மோதிரமாவது தேடிப்பார்க்கும்படி சொன்னதையும், அதுவும் கிடைக்காதபோது அவர் மனனமிட்டிருந்த குர்ஆன் அத்தியாயங்களைக் கொண்டே திருமணத்தை முடித்து வைத்ததையும் நாம் எல்லோரும் வகுப்பறையில் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருக்கிறோம். பிறகு கலியாண வீட்டில் போய்ப் பவுண் எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கையால் ஒரு வாப்பா கடனாளியாகிறார் என்பது நமக்குத் தெரியும். எங்கோ ஒரு ஆறு நஞ்சாகிறது என்பதையும் இனிமேல் தெரிந்துகொள்வோம். இரண்டும் ஒரே வீண்விரயத்தின் இரண்டு பக்கங்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன்.

உம்மும்மா தனது பழைய அட்டியலையும் இரண்டு மாலைகளையும் எடுத்துக் கொடுத்தார். "பழைய மொடல், யாரும் போட மாட்டாங்க" என்று இருபது வருடமாகப் பெட்டியில் கிடந்தவை. செட்டியார் தெருவில் ஒரு பத்தரிடம் கொடுத்து நிறுத்தபோது 11 பவுண். உருக்கியபோது பழைய பற்றாசும் அழுக்கும் போக, 10 பவுணும் சொச்சமும் தேறியது. பேசியிருந்த 15க்குப் புதிதாக வாங்கிச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. உம்மாவின் முகத்தில் தயக்கம் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் சபை கேட்குமே! தாத்தாதான் முடிவு சொன்னார். "இதே போதும் உம்மா. மிச்சக் காசை என்ட பேர்ல போடுங்க. நான் டிப்ளோமாவை முடிக்கணும்."

கலியாணத்தன்று சாப்பாட்டு மேசையில் ஒரு மாமி அந்தக் கேள்வியைக் கேட்டே விட்டார். எத்தனை பவுண்?

உம்மும்மா நிதானமாகச் சொன்னார்: "என்ட உம்மா எனக்குப் போட்டது. அவ்வளவும்தான்."

மாமி மேலும் எதுவும் கேட்கவில்லை. பத்தர் கொடுத்த பற்றுச்சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் செய்கூலி இருக்கிறது. சிறிதளவு சேதாரமும் இருக்கிறது. சாச்சி அதற்கும் பேரம் பேசினார். இந்தத் தடவை நானும் அவரோடு சேர்ந்து பேசினேன்.